பின்னால் நிறைந்த ஓடை

ஷூச்சின்: ...சும்மா சமாளிக்காதீங்க நோரிகோ அக்கா. ஜப்பான்ல மழைன்னா உங்க குரல்லயே தெரிஞ்சிடும். லேசா ஒரு அழுகை இருக்கும்.

நோரிகோ: அழுகையா? எனக்கா? ஜலதோஷம்டி.

ஷூச்சின்: பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல இந்தக் குரலைக் கேக்கறேன். எனக்குத் தெரியாதா? மான்ஹோ அண்ணே, நீங்க சொல்லுங்க. என்ன, சத்தத்தையே காணோம்?

மான்ஹோ: இருக்கேன், இருக்கேன். நீ மெல்ற சத்தம் அடங்கட்டும்னு பார்த்தேன்.

ஷூச்சின்: சோத்து உருண்டைண்ணே. உள்ள பன்னிக்கறித் துருவல், ஊறுகாய் முள்ளங்கி. உப்பளக் கரையில உக்காந்து தின்னா அந்த ருசியே தனி.

மான்ஹோ: தைவான்ல பறவை பார்க்கப் போறவன் எவனும் இல்ல. பறவையைச் சாக்கு வெச்சு சாப்பிடத்தான் போறீங்க.

ஷூச்சின்: கொரியாக்காரர் பேசறாரு பாருங்கக்கா! போன வருஷம் நாம ரெண்டு பேரும் இவர் தீவுக்குப் போனப்ப, அந்த ஊறவெச்ச நண்டு ஒரு ஜாடி... யாரு தனியா காலி பண்ணது?

மான்ஹோ: அது என் வீட்டு நண்டு.

ஷூச்சின்: விருந்தாளிக்கு வெச்ச நண்டு!

நோரிகோ: ரெண்டு பேரும் நிறுத்துங்க. இங்க அரியாகே விரிகுடாச் சேத்துல இன்னிக்கு ஒண்ணும் சொல்லிக்கற மாதிரி இல்ல. வளைஞ்ச மூக்குக் கோட்டான் நாலஞ்சு, உள்ளான் ஒரு கூட்டம். கரண்டிவாயன் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் முட்டை வைக்க உன் பக்கம் வந்திருக்கும் மான்ஹோ.

மான்ஹோ: வந்திருக்குக்கா. ஒரு கூட்டமே நின்னுச்சு. அலகைத் தண்ணிக்குள்ள விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கிட்டு... என்ன அழகுங்கறீங்க.

ஷூச்சின்: வளையம்? கால்ல வளையம் பார்த்தீங்களா?

மான்ஹோ: ஆரம்பிச்சுட்டாடா சாமி.

ஷூச்சின்: சொல்லுங்கண்ணே!

மான்ஹோ: ஒண்ணு கால்ல இருந்துச்சு.

ஷூச்சின்: என் பிள்ளையா?

மான்ஹோ: கறுப்பு மூஞ்சியோட எது பறந்தாலும் உன் பிள்ளைதான்.

ஷூச்சின்: கிண்டல் பண்ணாதீங்க. அரை உசுரா கிடந்ததைத் தூக்கிட்டு வந்து, குழாய் வெச்சு மீன் கரைச்சு ஊட்டினவ நானு. பறக்கவிட்ட அன்னிக்கு வளையம் மாட்டினதும் இந்தக் கைதான். அப்புறம் ஒரு பய பார்க்கல. இருக்கோ, செத்துச்சோ... நீங்க என்னடான்னா வாராவாரம் ஒரே பாட்டு. வெளிச்சம் பத்தல, சேறு ஒட்டியிருக்கு, எழுத்து தெரியல. கரையிலயே நின்னுக்கிட்டு எழுத்து தெரியலன்னா எப்படித் தெரியும்?

மான்ஹோ: இன்னிக்குக் கரையில நிக்கல.

நோரிகோ: என்ன சொன்னே?

மான்ஹோ: ஒண்ணுமில்லக்கா. ஷூச்சின், அந்த முள்ளங்கி நீயே போட்டதா?

நோரிகோ: மான்ஹோ. எங்க நிக்கறே?

மான்ஹோ: எங்க நிப்பேன், வழக்கமான இடம்தான். கொஞ்சம் முன்னால.

நோரிகோ: கொஞ்சம்னா?

மான்ஹோ: கொஞ்சம்னா கொஞ்சம்.

ஷூச்சின்: அக்கா, ஏன் திடீர்னு போலீஸ் மாதிரி...

நோரிகோ: நீ சும்மா இரு. மான்ஹோ, உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?

மான்ஹோ: வயசு. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் வேற எப்படி இருப்பான்?

நோரிகோ: தண்ணி சத்தம் கேக்குது.

மான்ஹோ: கடல்னா கேக்கத்தானே செய்யும்?

நோரிகோ: இது காலுகிட்ட கேக்கற சத்தம். கடல் ஏறுற நேரமா அங்க?

மான்ஹோ: ...ஆமா. இப்பத்தான்.

நோரிகோ: பலகை எடுத்துட்டுப் போனியா? சேத்துல தள்ளிக்கிட்டுப் போற பலகை?

மான்ஹோ: படகுத்துறையில கிடக்கு. பக்கம்தானேன்னு...

நோரிகோ: ஒரு காலைத் தூக்கு.

மான்ஹோ: என்னக்கா நீங்க, டிரில் மாஸ்டர் மாதிரி!

நோரிகோ: சேத்துலயே பொறந்து வளர்ந்தவ நான். அதுல இருந்து கால் வெளிய வர்ற சத்தம் எனக்குத் தெரியும். தூக்கு. நான் கேக்கணும்.

மான்ஹோ: ...

நோரிகோ: தூக்குடா.

மான்ஹோ: வரலக்கா.

ஷூச்சின்: என்ன வரல? அண்ணே, என்ன வரல?

மான்ஹோ: கால்தான். கத்தாதே. சேத்துல மாட்டியிருக்கு. ரெண்டும்.

ஷூச்சின்: ஐயோ... விளையாடாதீங்க.

மான்ஹோ: விளையாடற மாதிரியா இருக்கு? தொலைநோக்கியில கண்ணை வெச்சுக்கிட்டே நடந்துட்டேன். இன்னும் பத்தடி, இன்னும் பத்தடின்னு. எதிர்ல பார்த்தா கடல் அங்க கிடக்கு, நேரம் இருக்குன்னு நினைச்சேன். திரும்பிப் பார்க்கல. முதுகுக்குப் பின்னால ஓடை நிறைஞ்சிடுச்சு. சுத்திப் போகலாம்னு இந்தப் பக்கம் கால் வெச்சேன்... இங்க ஒரே குழைசல்.

நோரிகோ: போனை வெச்சுட்டு உடனே கடலோரக் காவலைக் கூப்பிடு. இப்பவே.

மான்ஹோ: கூப்பிட்டுட்டேன்க்கா. உங்ககிட்ட பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. வர்றோம், அசையாம இருங்கன்னாங்க.

ஷூச்சின்: முன்னாடியேவா? அப்ப நான் சோத்து உருண்டை, முள்ளங்கின்னு...

மான்ஹோ: கேக்க நல்லா இருந்துச்சு. அதான் நடுவுல பேசல.

ஷூச்சின்: அண்ணே!

நோரிகோ: அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம் ஷூச்சின். மான்ஹோ, மார் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸா போட்டிருக்கே?

மான்ஹோ: அதேதான்.

நோரிகோ: வாரை அவுத்துட்டு உடம்பை வெளிய உருவப் பாரு. பூட்ஸ் அங்கயே கிடக்கட்டும். மெதுவா மல்லாந்து சாய்ஞ்சு, ஒவ்வொரு காலா ஆட்டு.

மான்ஹோ: பார்த்தாச்சு. உள்ள சேறு இறங்கி சிமென்ட் மாதிரி பிடிச்சிருக்கு. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு ஆழமாப் போகுது. தொலைநோக்கியோட முக்காலியை சேத்துல ஊணி, அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

நோரிகோ: தண்ணி எங்க வரைக்கும்?

மான்ஹோ: முட்டி.

நோரிகோ: நிஜமா?

மான்ஹோ: தொடைன்னு வெச்சுக்கோங்க.

நோரிகோ: ஷூச்சின், அவன் ஊர்க் கடலோரக் காவல் நம்பரைத் தேடி எனக்கு அனுப்பு. வீட்டு போன்ல நான் பேசறேன். கொரியாவுல, புசான்ல பன்னெண்டு வருஷம் குப்பை கொட்டினது இன்னிக்காவது உதவட்டும். அதுவரைக்கும் நீ இவன்கூட பேசிக்கிட்டே இரு. விடாதே.

ஷூச்சின்: அனுப்பிட்டேன்... இதோ, வந்திருக்கும் பாருங்க. அண்ணே, இருக்கீங்களா?

மான்ஹோ: எங்க போறது? போகத்தான் முடியலையே.

ஷூச்சின்: இந்த நேரத்துல என்ன ஜோக்கு...

மான்ஹோ: அப்ப நீயே ஒரு ஜோக் சொல்லு.

ஷூச்சின்: எனக்கு வாயே வரல. அண்ணிகிட்ட சொன்னீங்களா?

மான்ஹோ: ஐயையோ, அவளுக்குத் தெரியக்கூடாது. வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். 'அந்தக் கொக்கு பின்னால திரிஞ்சா வீட்டுக்குள்ள விட மாட்டேன்'னு நேத்துதான் கத்தினா. நான் இப்போ ஜம்முனு முதுகு தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுட்டு இருப்பா.

ஷூச்சின்: கூப்பிடுங்கண்ணே. ஒரு வார்த்தை.

மான்ஹோ: கூப்பிட்டா கரைக்கு ஓடி வருவா. வந்து? நின்னு பார்க்கவா? அதை விடு. உன் எதிர்ல என்ன நிக்குதுன்னு சொல்லு. எனக்கு இங்க பனி மூடிடுச்சு. ஒண்ணும் தெரியல.

ஷூச்சின்: பனியா? கொஞ்சமா?

மான்ஹோ: கையை நீட்டினா விரல் தெரியுது. சொல்லு, என்ன நிக்குது?

ஷூச்சின்: நெடுங்கால் உள்ளான்... ஜோடி. குஞ்சு மூணு. பாத்திக்குள்ள ஓடுதுங்க. ஒண்ணு மட்டும் பின்தங்கி... என்னால முடியலண்ணே.

மான்ஹோ: பின்தங்கினது என்ன ஆச்சு?

ஷூச்சின்: தாய் திரும்பி வருது. கூப்பிடுது. இப்ப அதுவும் ஓடுது.

மான்ஹோ: சமத்து. அப்புறம்?

ஷூச்சின்: அண்ணே, நான்தான் காரணம். போன வாரம் எவ்வளவு பேசினேன். கொரியாக்காரனுக்குக் கண்ணு பொட்டை, கரையை விட்டு இறங்க பயம்னு... அதுக்காகத்தானே உள்ள போனீங்க? அந்த வளையத்துக்காக?

மான்ஹோ: உளறாதே.

ஷூச்சின்: எனக்கு அந்த எழுத்தே வேண்டாம். உயிரோட இருந்தா என்ன, செத்தா என்ன, ஒரு பறவை! நீங்க வந்தா போதும்.

மான்ஹோ: ஏய். அதுக்கு ஊட்டினவ பேசற பேச்சா இது?

நோரிகோ: மான்ஹோ, கேக்குதா?

மான்ஹோ: சொல்லுங்கக்கா.

நோரிகோ: பேசிட்டேன். அதிகாரி லைன்லயே இருக்கார். படகு... படகு கிளம்பிடுச்சாம்.

ஷூச்சின்: அப்பாடா!

மான்ஹோ: கிளம்பிடுச்சா?

நோரிகோ: கிளம்பிடுச்சு.

மான்ஹோ: இந்தப் பனியிலயா?

நோரிகோ: அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்டா. கருவி இருக்கு. நீ விசில் வெச்சிருக்கியா?

மான்ஹோ: இல்ல.

நோரிகோ: அப்ப கத்து. அப்பப்ப கத்து. சத்தத்தை வெச்சு வருவாங்க.

மான்ஹோ: சரிக்கா.

ஷூச்சின்: ஏன் இன்னும் கத்தலை? கத்துங்க!

மான்ஹோ: கத்தறேன்... ஓ...ய்! ஓ...ய்! போதுமா? பக்கத்துல இருந்த கூட்டம்தான் பறந்துச்சு. சிறகடிக்கிற சத்தம் கேட்டுச்சா?

நோரிகோ: கேட்டுச்சு. தண்ணி எங்கடா?

மான்ஹோ: இடுப்புக்குக் கொஞ்சம் மேல.

நோரிகோ: போனைத் தூக்கிப் பிடி.

மான்ஹோ: தூக்கித்தான் பிடிச்சிருக்கேன். ஸ்பீக்கர்ல பேசறேன். குளிருதுக்கா. மே மாசத்துல இவ்வளவு குளிரும்னு நினைக்கல. ஆனா கால் இருக்கறதே தெரியல. அது ஒரு வகையில நல்லதுதான்.

ஷூச்சின்: எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்கக்கா!

நோரிகோ: வந்துக்கிட்டே இருக்காங்க.

ஷூச்சின்: எவ்வளவு நேரம்னு கேளுங்களேன்!

நோரிகோ: வர்றாங்கன்னு சொல்றேன்ல!

மான்ஹோ: அவங்ககிட்ட கத்தாதே ஷூச்சின். அக்கா, ஒண்ணு கேக்கறேன்.

நோரிகோ: கேளு.

மான்ஹோ: நீங்க இவ்வளவு மோசமா கொரிய மொழி பேசுவீங்களே, அந்த அதிகாரிக்குப் புரிஞ்சுதா?

நோரிகோ: போடா... போக்கத்தவனே. நல்லாவே புரிஞ்சுது.

மான்ஹோ: சிரிங்க. உங்களை சிரிக்க வைக்கறதுக்குள்ள... ப்பா! அலை. மூஞ்சியில அடிச்சிடுச்சு. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஷூச்சின்?

ஷூச்சின்: இருக்கேன். இங்கயே இருக்கேன்.

மான்ஹோ: அந்த வளையம். எழுத்தைப் படிச்சிட்டேன். தெளிவா.

ஷூச்சின்: வேண்டாம்னேன்ல.

மான்ஹோ: கேளு. அது உன்னுது இல்ல. ரஷ்யாக்காரங்க மாட்டினது. உன்னுது இல்லன்னு தெரிஞ்ச பிறகும் நான்தான் இன்னும் உள்ள போனேன். பக்கத்துல போய்ப் பார்க்கணும்னு ஆசை. என் ஆசை. புரியுதா? என்னோடது. நீ எதையாவது மனசுல போட்டு மருகிக்கிட்டு உக்காந்திருக்காதே.

ஷூச்சின்: இதை எதுக்கு இப்ப சொல்றீங்க? கரைக்கு வந்து சொல்லுங்க.

மான்ஹோ: வந்தும் சொல்றேன்.

நோரிகோ: மான்ஹோ, தண்ணி?

மான்ஹோ: ...

நோரிகோ: மான்ஹோ!

மான்ஹோ: பரவால்லக்கா. தலையைத் தூக்கி வெச்சிருக்கேன்... ஏய். ஏய், இருங்க.

ஷூச்சின்: என்ன? என்னண்ணே?

மான்ஹோ: வந்துட்டாங்க.

ஷூச்சின்: யாரு? படகா?

மான்ஹோ: படகுதான். ஆரஞ்சு கலர். ரெண்டு பேர் நிக்கறாங்க. அந்தப் பக்கம் பனி விலகியிருக்கு... கையாட்டறாங்க.

ஷூச்சின்: ஐயோ! கத்துங்கண்ணே, நீங்களும் கையாட்டுங்க!

மான்ஹோ: பார்த்துட்டாங்கடி. கயிறு போடப் போறாங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும். போனை வைக்கறேன்.

நோரிகோ: மான்ஹோ...

மான்ஹோ: அக்கா, தேங்க்ஸ். ரொம்ப நேரம் பேசினீங்க. என் வீட்டுக்காரி கூப்பிட்டா ஆறுதலா பேசுங்க, அவ கத்துவா, ஆனா நல்லவ. நீங்க ரெண்டு பேரும் முதல்ல வைங்க. சரியா? வைங்க.

ஷூச்சின்: சரிண்ணே, சரிண்ணே! கரை ஏறினதும் கூப்பிடுங்க! ...வெச்சுட்டார். அப்பா! கொன்னுட்டார் மனுஷன். இருக்கட்டும், குளியல் கதையை அண்ணிகிட்ட நானே போட்டுக் கொடுக்கறேன். அந்தப் படகுக்காரங்க பேரைக் கேட்டு வாங்குங்க, நேர்ல போய்க் கால்ல விழணும்... அக்கா? என்ன பேச மாட்டேங்கறீங்க? அழறீங்களா? அதான் வந்துட்டாங்களே!

நோரிகோ: ஷூச்சின்... அந்த அதிகாரி இன்னும் இந்த லைன்லதான் இருக்கார். படகு இன்னும் துறையிலயே நிக்குது. பனி விலகாம எடுக்க முடியாதுன்னு நான் பேசினப்பவே சொல்லிட்டாங்க. கிளம்பிடுச்சுன்னு சொன்னது நான்தான்டி.