இந்த போனுக்கு அந்த ஆப் சேராதாம்

…அதத்தாம்மா நானும் கேக்குறேன். முந்தின நாள் வரைக்கும் சேந்துச்சு, மறுநாள் காலையில எப்படிச் சேராமப் போகும்? அதே போன். அதே கை. ஸ்பீக்கர்ப் பெட்டியும் அதே பெட்டி, அதோ, நூல் அலமாரிக்கு மேல உக்காந்திருக்கு பாரு. அதுக்கு ஒரு கேடும் இல்ல, பாடச் சொன்னா பாடும். இந்தப் பாழாப்போன ஆப்பைத்தான் ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டாங்க. காலையில தொறந்தா, 'இந்தச் சாதனத்துடன் பொருந்தாது'ன்னு எழுதியிருக்கு. பொருந்தாதாம்! முப்பது வருஷத்துக்கு மேல ஒரு மனுஷனோட குடித்தனம் பண்றேன், அங்க யாராவது வந்து முன்கூட்டியே இப்படி ஒரு போர்டு வச்சாங்களா?

உக்காரும்மா. இரு இரு, அந்த நாற்காலியில கர்ட்டன் கெடக்கு, அப்படியே தூக்கி பெஞ்சு மேல போடு. பாத்து, குண்டூசி இருக்கும்.

நீ கம்பெனிப் பொண்ணா? நல்லதாப் போச்சு. ஆம்பளைய அனுப்பியிருந்தா இந்நேரம் அங்க ஹால்லயே உக்காந்து எங்க வீட்டுக்காரரோட பெட்டியைப் பாராட்டிட்டு, அவரு குடுத்த தண்ணியக் குடிச்சிட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு கெளம்பியிருப்பான். சரியாத்தான் இருக்கும். அவருக்கு. அவரு போன் புதுசு, புது ஆப் சமத்தா ஏறி உக்காந்துடுச்சு. என்னுதுலதான் ஏற மாட்டேங்குது.

போன்ல உங்க ஆபீசுக்குப் பேசினாரே, அந்தக் குரலக் கேட்டியா? வெண்ணெயா வழுக்கும். ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்புக் குடுத்த குரல்மா அது. எவன் எவனோ பொண்டாட்டி புள்ளைங்களோட எந்த பிளாட்பாரத்துல நிக்கணும், எந்த வண்டி எவ்வளவு லேட்டு, எல்லாத்தையும் பக்குவமா, திருப்பித் திருப்பிச் சொன்ன வாய். வீட்டு வாசப்படி மிதிச்சா சாத்திக்கும். வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமோ என்னமோ. தன் வண்டி லேட்டுன்னு ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லியிருப்பாரா? கேட்டா, 'நாள் பூரா பேசிட்டுத்தானே வரேன்'னுவாரு. சரி, ரிட்டயர் ஆனா பேசுவாருன்னு இருந்தேன். இருந்தேன்…

ரிட்டயர் ஆனதும்தான் இந்தப் பெட்டிங்க வந்துச்சு. மக வாங்கிக் குடுத்தா. 'அப்பா பாட்டுக் கேட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்மா'ன்னா. சொல்லிட்டு அவ ஊருக்கு நிம்மதியாப் போயிட்டா. ஹாலுக்கு ஒண்ணு, படுக்கிற ரூமுக்கு ஒண்ணு, சமையக்கட்டுக்கு ஒண்ணு, குளிக்கிற ரூம்ல கூட தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி ஒண்ணு. இங்க எனக்கு ஒண்ணு. எல்லாத்தையும் போன்லருந்தே ஆட்டி வைக்கலாம். இங்கருந்து தட்டினா அங்க பாடும், அங்கருந்து தட்டினா இங்க பாடும். உனக்குத் தெரியாததா, உன் பொழப்பே அதானே.

என்னது? எப்படிப்பட்ட பாட்டு கேப்பேனா? பாட்டு யாரும்மா கேக்குறா?

இரு, அடியிலருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும். பெட்டி வாங்கினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வைக்கணுமாமே, ஆப்புல? ஒரு நாள் பூரா கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்து பேரு வச்சாரு, புள்ளைக்குக் கூட அவ்வளவு யோசிச்சதில்ல. ஹால். பெட்ரூம். கிச்சன். பாத்ரூம். பாத்ரூமுக்குக் கூட பாத்ரூம்னு அதுக்குரிய மரியாதையோட வச்சாரு. அப்புறம் என் போன்ல ஆப்பைப் போட்டுக் குடுத்தாரு. தொறந்து பாக்குறேன், என் ரூமுக்குப் பேரு 'ஸ்டோர் ரூம்'.

ஸ்டோர் ரூம்!

சுத்திப் பாரும்மா. இது ஸ்டோர் ரூமா? மெஷின் இருக்கு, வெட்டுற மேசை இருக்கு, நூல் கலர் கலரா அடுக்கியிருக்கு. இந்தத் தெருவுல பாதி ஜன்னல்ல தொங்குறது என் கையால ஓரம் அடிச்சது. கீழ் வீட்டு டாக்டர் ஆஸ்பத்திரியில கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு தொங்குதே, அத்தனையும் நான் தச்சது. மக கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட இந்த பெடல மிதிச்சிட்டுத்தான் படுத்தேன். ஏங்க, இப்படிப் பேரு வச்சிருக்கீங்களேன்னு கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா? அதுல இருந்த லிஸ்ட்ல 'தையல் ரூம்'னு ஒண்ணு இல்லியாம். இல்லன்னா டைப் பண்ண வேண்டியதுதானே! சாமானெல்லாம் அங்கதானே கெடக்கு, ஒத்து வருதுன்னு வச்சேன்னாரு. சாமான்ல நானும் ஒண்ணு போல.

அன்னைக்கு சாத்தினேன் வாய.

அவரு அதக் கண்டுபுடிக்கவே ரொம்ப நேரமாச்சும்மா, அதான் கொடுமை. பேசாத ஆளுக்கு எதிராளி பேசலன்னு எப்படித் தெரியும்? நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு குறுக்க நெடுக்க நடக்குறேன், மனுஷன் பேப்பர்ல மூழ்கிக் கெடக்காரு. டீ வரலன்னதும்தான் தலைய நிமித்தினாரு. ஆனா கேக்கல. கௌரவம் இருக்கில்ல? கொஞ்ச நேரங்கழிச்சு இந்தப் பெட்டியிலருந்து புல்லாங்குழல் வருது. நான் வைக்கல. அங்கருந்து தட்டி விட்டிருக்காரு. எனக்குப் புரிஞ்சு போச்சு, டீ கேக்குறாரு. நான் விட்டேனா? டீயப் போட்டு அடுப்படியிலேயே வச்சிட்டு, ஹால் பெட்டியில டம் டம்னு டிரம்ஸ் வச்சேன். போட்டாச்சு, எந்திரிச்சுப் போய் எடுத்துக்குங்கன்னு அர்த்தம். எடுத்துக்கிட்டாரு!

அப்படியே ஆரம்பிச்சதுதான். புல்லாங்குழல்னா டீ. டிரம்ஸ்னா ரெடி. வயலின்னா இப்ப முடியாது, வேலை இருக்கு. தூங்குறதுக்குன்னு மழைச் சத்தம் ஒண்ணு வச்சிருப்பாங்க பாரு, அது வந்தா வெந்நீர் காஞ்சிடுச்சுன்னு அர்த்தம். வாசல்ல ஆள் வந்தா கைதட்டல். மூணாவது தடவ டீ கேட்டாருன்னா, மிலிட்டரிக்காரங்க சவப்பெட்டி தூக்கும்போது ஊதுவாங்களே, அது. பக்கத்து வீட்டம்மா என்னக் கீழ பாத்துட்டு, 'உங்க வீட்ல எந்நேரமும் சங்கீதம்தான், குடுத்து வச்சவங்க'ன்னாங்க. ஆமாங்கன்னேன். என்னத்தச் சொல்றது?

ஒரு நாள் கூத்தக் கேளு. புல்லாங்குழல் வந்துச்சு. நான் ஓரம் அடிச்சிட்டு இருக்கேன், முடிச்சிட்டுப் போகலாம்னு பேசாம இருந்தேன். அந்த ஆப் என்ன பண்ணிச்சு, அதுபாட்டுக்கு அடுத்த பாட்டுக்குப் போயிடுச்சு. திடீர்னு ஒரு பொம்பள ஓன்னு ஒப்பாரி மாதிரி இழுக்குறா. நெஞ்சுவலி கிஞ்சுவலி வந்து, அதத்தான் இப்படிச் சொல்றாரோன்னு, கத்திரிக்கோலக் கையில புடிச்சபடியே ஓடினேன். ஹால்ல கால் மேல கால் போட்டு பேப்பர் படிச்சிட்டு இருக்காரு. என்னயப் பாத்தாரு, கத்திரிக்கோலப் பாத்தாரு. அவரும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. திரும்பி வந்து மிச்ச ஓரத்த அடிச்சேன். கோணிப் போச்சு, பிரிச்சு மறுபடி அடிச்சேன்.

இப்படி ஓடிட்டிருந்த வீட்லதாம்மா உங்க ஆளுங்க கைய வச்சாங்க! அங்கருந்து வரது வருது. பதில் போட எனக்கு வழியில்ல. புல்லாங்குழல் வரும், முடியும். மறுபடி வரும். நான் இங்க கல்லுப் புள்ளையாரா உக்காந்திருக்கேன். இப்ப ரெண்டே வழிதான். ஒண்ணு, ஆப் சரியாகணும். இல்ல, யாராவது ஒருத்தர் வாயத் தொறக்கணும். ஸ்டோர் ரூம்னு பேரு வாங்கின நானா தொறக்கணும்? நீயே சொல்லு, நீயும் ஒரு பொம்பள. நானாக் கூப்பிட்டா தோத்துட்டேன்னுதானே அர்த்தம்?

மகளுக்குப் போன் பண்ணினேன். 'அம்மா, போன் பழசா ஆயிடுச்சு, மாத்திடு'ன்னா. மாத்திடணுமாம். எதுக்கெடுத்தாலும் மாத்திடு. இந்த போனுக்கு என்ன குறைச்சல்? கஸ்டமருங்க ஜன்னல் அளவ போட்டோ புடிச்சு அனுப்பினா தெளிவாத் தெரியுது. 'அப்ப அப்பாவக் கூப்பிட்டுக் கேளேன்'னா. அவளுக்குத் தெரியாது, நாங்க பேசுறதில்லன்னு. பேசாததும் பேசுறதும் ஒரே மாதிரி இருக்கிற வீடு, அவளுக்கு எப்படித் தெரியும்?

என்னம்மா, என் போன நோண்டிக்கிட்டே இருக்க? ம்ம். பாரு பாரு.

அப்புறம் என்னாச்சுன்னா… புல்லாங்குழலுக்குப் பதில் வரல, வரல, வரல. ஒரு சாயங்காலம் மெஷின நிறுத்திட்டு நூல் மாத்துறேன், பின்னால ஒரு செருமல். திரும்பினா வாசப்படியில நிக்கிறாரு. உள்ள வரல, அங்கேயே. 'உடம்பு கிடம்பு சரியில்லையா?'ன்னாரு. அந்த ஸ்டேஷன் குரல் இல்லம்மா அது. இது வேற, கரகரன்னு, ஓரம் தைக்காத துணி மாதிரி. நான் ஒண்ணும் பெருசா வாயத் தொறக்கல. கேட்டதுக்குப் பதில்தான் சொன்னேன், அது கணக்குல வராது. 'உடம்புக்கு என்ன? போன்ல ஆப் சேரல. வேணும்னா கம்பெனிக்குச் சொல்லுங்க'ன்னேன். அவ்வளவுதான்.

மறுநாள் மறுபடி வந்தாரு. பெட்டியில பதில் வராதுன்னு தெரிஞ்சு போச்சே, வந்துதானே ஆகணும்? டீ இருக்கான்னாரு. இருக்குன்னேன். அதுக்கு மறுநாள் உள்ள வந்துட்டாரு. சுத்துமுத்தும் பாத்துட்டு, 'ஊதாவுலயே இத்தன ஊதா இருக்கா?'ன்னு நூலப் பாத்துக் கேக்குறாரு. இந்த ரூமுக்குள்ள அவரு கடைசியா எப்ப வந்தாருன்னு எனக்கு ஞாபகமே இல்ல, ஃபேன் மாட்ட வந்தப்பவா இருக்கும். இருக்கு, இது நாவப்பழம், இது கத்திரிப்பூன்னு ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டினேன். ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

அன்னைக்குப் பெரிய கர்ட்டன் ஒண்ணு, கல்யாண மண்டபத்து மேடைக்கு. அத மடிக்க எப்பவும் நான் ஒரு முனைய ஜன்னல் கம்பியில கிளிப் போட்டு மாட்டிட்டு, இந்த முனையிலருந்து மடிச்சிக்கிட்டே போவேன். அவரு எந்திரிச்சு அந்த முனையப் புடிச்சாரு. நான் கேக்கல, அவராப் புடிச்சாரு. கோணல் மாணலாத்தான் புடிச்சாரு, அத விடு. மடிச்சு மடிச்சு கிட்ட வந்தப்ப, முதல் நாள் மைக் முன்னால உக்காந்து பேச்சே வராம, ஒரு வண்டிய அறிவிக்காமலேயே அனுப்பிட்ட கதையச் சொன்னாரு. இத்தன வருஷத்துல இந்தக் கதைய நான் கேட்டதில்ல. சிரிச்சேன். எனக்கு சந்தோஷமா இருந்துச்சும்மா. சொல்லக் கூடாதா? இருந்துச்சு, சொல்றேன்.

என்ன, ஏன் போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டுற?

ஆமா. போனுக்கு அப்டேட். தெரியும்.

தெரியும்மா. நீ சொல்லித்தானா எனக்குத் தெரியணும்? தினமும் காலையில வரும். 'இப்போது புதுப்பிக்கவா, பிறகா'ன்னு கேக்கும். அது முடிஞ்சா போன் ஆப்புக்குச் சேந்துடும்னு மக அன்னைக்கே, அடுத்துப் பண்ணின போன்லயே சொல்லிட்டா. முதல்ல ரெண்டு தடவ நேரமில்லாம 'பிறகு'ன்னு தட்டினேன், அது நெஜம். அவரு வாசப்படியில வந்து நின்னதுக்கப்புறம் வேணும்னேதான் தட்டுறேன். அதையும் சொல்லிட்டேன், போதுமா?

ஏய், ஏய், இரு! கைய எடு, தட்டித் தொலைச்சிடாத! அது ஏறிடுச்சுன்னா மறுபடி அங்க ஒரு புல்லாங்குழல், இங்க ஒரு டிரம்ஸ். ஸ்டூல் காலியாக் கெடக்கும். கம்பெனிக்குச் சொல்லுங்கன்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரு பேச்சையும் காதுல வாங்காத மனுஷன், இத மட்டும் வாங்கி உன்ன வரவழைச்சிட்டாரு. எனக்கு நீ ஒரு உபகாரம் பண்ணும்மா. வெளிய போகும்போது அவருகிட்ட, 'இந்த போனுக்கு அந்த ஆப் சேராது, எங்களால ஆகாது'ன்னு சொல்லிட்டுப் போ. பொய்யில்ல, போன்லயே அப்படித்தான் எழுதியிருக்கு.

ஏன் சிரிக்கிற?

என்ன?

யாரு சொன்னா? அவரா? உங்கிட்டயா? எப்ப? வாசல்ல செருப்பு கழட்டும்போதா? 'சரியாகலன்னாலும் ஒண்ணும் அவசரமில்ல, ஆகலன்னே சொல்லிடுங்க'ன்னாரா? அவரா? மெதுவா, எனக்குக் கேக்காத மாதிரியா?

பாத்தியா! பாத்தியா இந்த மனுஷன! முன்னப்பின்ன தெரியாத உங்கிட்ட சொல்லத் தெரியுது, நீ வந்த நிமிஷத்துல சொல்லத் தெரியுது, கட்டினவகிட்ட சொல்ல வாய் வரல! ஊருக்கெல்லாம் அறிவிப்பு, எனக்கு மட்டும்… இல்ல, நீ சமாதானம் சொல்லாத. நீ கெளம்பும்மா. பைய எடுத்துக்க. அந்தப் பக்கக் கதவு வழியாப் போ, அங்கேயே கொண்டாந்து குடுக்கிறேன் உன் செருப்ப. இது எங்களுக்குள்ள பேசித் தீக்க வேண்டியது.

ஏங்க!

ஏங்க, உங்களத்தான்! பேப்பரக் கீழ வைங்க! நான்தான், நானாத்தான் கூப்பிடுறேன், வாங்க இங்க!