முருகனிட்டை வாங்கின பிள்ளை

...இல்லைத் தம்பி, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கோ. பிள்ளையை வளர்த்தவன் நான். உள்ளுக்கு வழக்கு நடக்கிறது அந்தப் பிள்ளைக்காக. என்னை இந்தக் கதிரையிலை இருத்திப்போட்டு, சாட்சி சொல்லக் கூட்டிக்கொண்டு போனது ஆரை? என்ர மச்சான் பாலேந்திராவை. மனிசியின்ர தம்பி. எட்டு வருஷமா நான் ஒரு வார்த்தை கதையாத ஆள்.

கத்தரின் எண்டு ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, அவதான் எங்கட லோயர். என்ர மகள் வத்சலாவைவிட நாலைஞ்சு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். என்னைப் பாத்துச் சொல்லுறா, "மிஸ்டர் தில்லையம்பலம், கூப்பிட்டால் மட்டும் வாங்கோ. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ" எண்டு. மகளும் பக்கத்திலை நிண்டு "ப்ளீஸ் அப்பா" எண்டு தலையை ஆட்டுறாள். நான் என்ன அலட்டிற ஆளே? நீங்கள் வந்து இருந்த நேரம் துவக்கம் நான் ஏதும் தேவையில்லாமல் கதைச்சனானே? அதுதானே.

நீங்கள் மலேசியா எண்டு சொன்னீங்கள், என்ன? மனிசியின்ர விசாப் பிரச்சினை. அது சரிவரும், யோசியாதேங்கோ. உந்தப் பைலைப் பாக்கவே தெரியுது, கடதாசியெல்லாம் ஒழுங்கா வைச்சிருக்கிறீங்கள். எங்களிட்டை ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அதுதான் கதை.

எனக்கும் மனிசி சிவமலருக்கும் பிள்ளை இல்லை. நாங்கள் எழுபதாம் ஆண்டு இஞ்சை வந்திட்டம். எனக்கு பிஸ்கட் பக்டரியிலை வேலை. ஊருக்கு ஒருக்காப் போறம், பாலேந்திராவுக்கு ஒரு கைக்குழந்தை, பொம்பிளைப் பிள்ளை. சாத்திரி சொல்லிப்போட்டான், பிள்ளையின்ர சாதகம் தகப்பனுக்குக் கூடாது, கோயில்லை வித்து வாங்குங்கோ எண்டு. உங்கட பக்கம் உந்த வழக்கம் இருக்கோ தெரியாது. பிள்ளையைக் கொண்டுபோய் முருகன்ர வாசலிலை கிடத்தி, இனி இது உன்ர பிள்ளை எண்டு சொல்லிக் குடுக்கிறது. பேந்து சொந்தக்காரர் ஆரும் உண்டியல்லை சில்லறை போட்டு முருகனிட்டை இருந்து வாங்கிறது. வாங்கினவைக்குத்தான் பிள்ளை. கனபேர் வாங்கின கையோடை தாய் தேப்பனிட்டைத் திருப்பிக் குடுத்திடுவினம். சிவமலர் குடுக்கேல்லை. நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள், குடுக்கேல்லை. பாலேந்திராவும் கேக்கேல்லை. ஊர்ச்சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டது. ஐயர் சாட்சி, முருகன் சாட்சி. இதுக்கு மேலை என்னத்துக்குக் கடதாசி?

மனிசியின்ர பாஸ்போட்டிலை பிள்ளையின்ர பேரையும் எழுதுவிச்சுக் கொண்டந்தம். எயாப்போட்டிலை சீல் அடிச்சாங்கள். எங்களுக்கு அடிச்சது பிள்ளைக்கும் சேர்த்துத்தான் எண்டு நினைச்சம். அது விசிட்டுக்கு வந்த பிள்ளைக்கு அடிச்ச சீலாம். ஆருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் போனாள், படிச்சாள், இப்ப நேர்ஸ். போன வருஷம் கூட்டாளிப் பெட்டையளோடை பிரான்சுக்குப் போகப் பாஸ்போட் கேட்டு எழுதினவள். அப்பத்தான் தம்பி தெரியவந்தது, இந்த நாட்டுக் கணக்கிலை அப்பிடி ஒரு பிள்ளையே இல்லை. ஊருக்கு அனுப்பிப்போடுவாங்களாம். அங்கை சண்டை. இவளுக்கு அங்கை ஒரு குச்சொழுங்கை தெரியாது. தமிழ் கதைச்சால் எனக்கே சிரிப்பு வரும்.

அப்ப எங்களை இமிகிரேஷனிலை விசாரணைக்குக் கூப்பிட்டவை. துபாசி வேணுமோ எண்டு மரியாதையாக் கேட்டவை. எனக்கென்னத்துக்குத் துபாசி? நான் அஞ்சாம் வகுப்புத்தான், ஆனால் பக்டரியிலை இருபது வருஷம் இங்கிலீஷிலை சண்டை பிடிச்சனான். பிள்ளை எப்பிடி உங்களிட்டை வந்தது எண்டு அந்த ஒபிசர் கேட்டார். வாங்கினனான் எண்டன். வாங்கினதோ எண்டார். ஓம், காசு குடுத்து வாங்கினனான். ஆரிட்டை? முருகனிட்டை. அந்த ஆள் இப்ப எங்கை இருக்கிறார்? எல்லா இடமும் இருக்கிறார். என்ன தொழில்? எனக்குக் கொஞ்சம் கொதி வந்திட்டுது, அவருக்கு ரண்டு பெண்சாதி, அதைப் பாக்கவே அவருக்கு நேரம் போதாது எண்டன். பகிடிக்குத்தான் சொன்னது. மனுசன் சிரிக்கேல்லை. ஒண்டு விடாமல் எழுதினார்.

நீங்கள் சிரிக்கிறீங்கள். மகள் ரண்டு கிழமை என்னோடை கதைக்கேல்லை. பிள்ளையை ஆரோ ஏஜென்சிக்காரனிட்டை விலைக்கு வாங்கின சந்தேகமாம், ஏலாது எண்டு மறுமொழி வந்திட்டுது. நான் சொன்னதிலை ஒரு சொல்லுப் பொய்யோ? நீங்களே சொல்லுங்கோ.

பிறகுதான் இந்த அப்பீல். கத்தரின் முதல் நாளே சொன்னவ, பெத்த தகப்பன் வந்து நான் குடுத்தனான் எண்டு சொல்லவேணும், அதுதான் வழி எண்டு. அவர் எங்கை எண்டு கேட்டா. எனக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். தெரியும், தெரியாமல் என்ன, வெஸ்ட் ஈலிங்கிலை கோயிலுக்குக் கிட்டத்தான் இருக்கிறான். எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்தவன். எண்பத்தாறிலை மூத்தவளுக்கு வெம்பிளியிலை கலியாணம் வைச்சான். வெஸ்ட் ஈலிங்கிலை இருந்து எங்கட கிங்ஸ்பரி என்ன கண்காணாத தேசமே? வீட்டை வந்து, அத்தான் வாங்கோ, அக்கா வாங்கோ எண்டு ஒரு வாய்ச்சொல் இல்லை. தபால்ல கலியாணக் காட் போட்டான் தம்பி. கரண்ட் பில்லோடை சேர்ந்து வாசல்லை வந்து விழுந்து கிடந்தது. பில்லைக் கட்டினன். காட்டை அதிலையே விட்டிட்டன். மனிசியும் மகளும் போனவை. நான் வீட்டிலை இருந்து பழைய மீன்குழம்போடை பாண் திண்டன். வந்து, சாப்பாடு நல்லம் எண்டு சொல்லிச்சினம். அதையும் நான் மறக்கேல்லை.

கடைசியிலை மகள் எனக்குச் சொல்லாமல் தானே போய்க் கேட்டிருக்கிறாள். பெத்தவனை அவள் மாமா எண்டுதான் கூப்பிடுறவள். "மாமா, வந்து சொல்லுவீங்களோ" எண்டு. இவன் இண்டைக்குக் கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறான். உள்ளுக்குப் போய் என்னத்தை உளறுறானோ. நான் பெத்த பிள்ளை எண்டு உரிமை கொண்டாடினான் எண்டால் எல்லாம் போச்சு. ரத்தமெல்லோ. பாத்தால் அவளும் அவன்ர மூக்குத்தான்.

கதவு திறக்குது. அவன்தான். பாக்காதேங்கோ, பாக்காதேங்கோ. இஞ்சாலைதான் வாறான். வேறை கதிரை இல்லையாமோ?

தம்பி, நீங்கள் ஒருக்கா அவரைக் கேளுங்கோ, உள்ளுக்கு என்ன நடந்ததாம் எண்டு. எனக்குக் காது கேக்கும், ஆனால் நாங்கள் கதைக்கிறேல்லை. நீங்கள் கேளுங்கோ.

என்ன சொல்லுறார்? முருகன் ஆர், விக்கிறது வாங்கிறது என்னண்டு எல்லாம் விளங்கப்படுத்தினவராம். ஜட்ஜ் பேனையை வைச்சிட்டுச் சிரிச்சவராம். அப்ப ஏன் நான் சொல்லேக்கை மட்டும் ஒருத்தரும் சிரிக்கேல்லை? சரி, அதை விடுங்கோ. பிள்ளை ஆரின்ர எண்டு சொன்னவராம்? அதைக் கேளுங்கோ.

...தன்ர இல்லை எண்டு சொன்னவரோ? வித்த அண்டைக்கே தன்னை விட்டுப் போயிட்டுது, அத்தான்ர பிள்ளை எண்டோ? சத்தியம் பண்ணியோ?

...

இந்த இடத்திலை தண்ணி குடிக்க ஒரு வசதி இல்லை, பாருங்கோ.

என்னவாம்? ஜட்ஜ் இனி என்னைக் கூப்பிடுவாராம். ஒரே ஒரு கேள்விதானாம். வந்த நாள் துவக்கம் பிள்ளை உங்களோடைதானே இருந்தது எண்டு கேப்பாராம். கன காலம் இஞ்சையே இருந்த ஆக்களுக்கு ஒரு சலுகை இருக்காம், ஓம் எண்டு சொன்னால் காணுமாம். கத்தரின் சொல்லிவிட்டவவாம். ஓம் எண்டதோடை நிப்பாட்டச் சொன்னவவாம். நல்லாச் சொன்னவ.

உங்கடை பேரையே கூப்பிடுகினம்? போங்கோ தம்பி, போங்கோ. பைலை விட்டிட்டுப் போறீங்கள். முருகன் துணை. அவரைப் பற்றி மட்டும் உள்ளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ.

...

நல்ல பெடியன். அவன் இருந்தது வசதியா இருந்தது.

...

கோட்டு உனக்குப் பெரிசு. தோள் தொங்குது. ஆரின்ர கோட்டு? மருமோன்ரையோ? ம்.

யேஸ்? யேஸ், வத்சலா. ஃபாதர், ஓம், யேஸ்.

தகப்பனைக் கூப்பிட நீ ஏன் எழும்பினனீ? ...சரி, இருந்திட்டாய். என்னைக் கையாலை காட்டத் தேவையில்லை, நான்தான் தகப்பன் எண்டு கூப்பிட வந்த பொம்பிளைக்கு நானே சொல்லுவன். கண்ணைத் துடை. வெள்ளைக்காரி பாக்கிறாள்.

பாலேந்திரா. எழும்பு, நீயும் வா. எனக்குப் பக்கத்திலை நில். நான் ஓம் எண்டு சொல்லுவன். அதுக்கு மேலை வாயைத் திறந்தன் எண்டால், நல்லாக் காலிலை மிதி.