வருஷம் இல்லாத இருபது பென்ஸ்

— கதவைச் சாத்திட்டு வா கிளெண்டா. அந்த இருபது பென்ஸை மேஜை மேல வை. இனி பேச்சே வேண்டாம் அம்மணி.

— பேச்சை ஆரம்பிச்சது நீங்கதான் பாரக்ளஃப் முதலாளி. நேத்து சாயங்காலம், துணி மடிச்சிட்டிருந்த அஞ்சாறு பேர் முன்னாடி என்னைத் திருடின்னீங்க.

— பின்ன? என் லாண்டரி, காசு போட்டா துணி காயவைக்கிற என் ட்ரையர், அதோட காசுப்பெட்டி. அதுல இருந்து எடுத்துப் பையில போட்டுக்கிட்டா வேற என்ன பேரு?

— எடுத்தேன். எடுத்த கையோட என் பர்ஸ்ல இருந்து வேற ஒரு இருபது பென்ஸைப் போட்டேன். உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?

— அது வெறும் இருபது. இது தொண்ணூறு பவுண்டு. ஹாலிஃபாக்ஸ் சந்தையில பழைய காசு விக்கிற டெரெக்கிட்ட கேட்டுட்டேன். தலைப் பக்கமும் வருஷம் இல்ல, பூப் பக்கமும் வருஷம் இல்ல, அச்சு மாறி அடிச்சது. தேய்ச்சுப் பளபளப்பாக்காம கொண்டு வந்தா தொண்ணூறுங்கறான்.

— அதுல வருஷம் இல்லைன்னு உங்களுக்குச் சொன்னதே நான்தான். சந்தோஷத்துல வாய் நிக்கல. பதினோரு வருஷமா சில்லறையை மூட்டை மூட்டையா தூக்கறீங்களே, ஒன்னையாவது திருப்பிப் பாத்திருக்கீங்களா?

— எனக்கு வேற வேலை இருக்கு அம்மணி.

— எனக்கு வலிக்கிற பல்லு இருக்கு. நாலு மாசமா ஒரு பக்கமாத்தான் மெல்றேன். அரசாங்கப் பல் டாக்டர் புது ஆளைச் சேர்க்க மாட்டேங்கறார். வெளிய பிடுங்கறதுக்கே தொண்ணூறு கேக்கறான்.

— பாவம்தான், இல்லேங்கல. ஆனா மெஷினுக்குள்ள விழுந்தது எல்லாம் எனக்கு. அதான் இங்க சட்டம்.

— போன மாசம் அந்த நர்ஸ் பொண்ணோட பத்து பவுண்டு நோட்டு விழுந்துச்சே, அதுவுமா? அவ திரும்பி வந்து கேட்டப்போ ஒன்னும் கிடைக்கலைன்னீங்க. காயவச்சு உங்க கையில குடுத்தவ நான்.

— பேச்சை மாத்தாத. காசை வை. இல்லைன்னா திங்கக்கிழமை வேலைக்கு வராத.

— எதுக்கு அதுவரைக்கும்? இந்தாங்க சாவி.

— ஏய், உக்காரு. கேளு அம்மணி. பாதிப் பாதி வச்சுக்கலாம்.

— நேத்து திருடி, இன்னிக்குப் பங்காளியா?

— சரி, அறுபது உனக்கு, முப்பது எனக்கு. டெரெக் வண்டியில ஏறிட்டான், வந்துட்டிருக்கான். எங்க அது?

— திருடின்னு பேர் வாங்கி அந்தக் காசுல பல்லைப் பிடுங்கிக்கிட்டா, அப்புறம் திங்கறது எனக்கு ஒட்டாது முதலாளி. அதான் பெட்டியைத் திறந்து உள்ளயே திருப்பிப் போட்டுட்டேன். என் இருபது பென்ஸை மட்டும் திருப்பி எடுத்துக்கிட்டேன்.

— எப்போ?

— நேத்து, நீங்க கத்தி முடிச்சதும். காலைல பெட்டி எல்லாத்தையும் கொட்டி, எடை போட்டு, பேங்குல கட்டிட்டு வந்தது நீங்கதானே.