பலா மரத்துக்கு இந்தப் பக்கம்

காற்று கதவைத் தள்ளுகிறது. நான் முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறேன். 2011 டிசம்பர் 30. வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். காடாம்புலியூர்.

கடலின் சத்தம் எனக்குத் தெரியும். 2004 டிசம்பரில், கடலூர் முதுநகரில், என் தாய்வீட்டு மாடியில் நின்று கேட்டவள் நான். இது வேறு. புயல். விடாத ஊளை. அதற்குள் மடார், மடார் என்று முறியும் சத்தம். முந்திரி மரங்கள். எங்கள் மரங்கள்.

மின்சாரம் இல்லை. போன் செத்துவிட்டது. என் கணவர் தாஸ் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். வீட்டில் நான் மட்டும்.

எதிர்வீட்டுக் கூரை போகிறது. சிமென்ட் ஷீட். காகிதம் போலக் கிளம்பித் தோப்புக்குள் விழுந்து நொறுங்குகிறது. அது என் கணவரின் அண்ணன் வீடு. சாமுவேல் மாமா, அவர் மனைவி ரூபி அக்கா, மூன்று பிள்ளைகள்.

கதவில் அடி விழுகிறது.

"எஸ்தரு! கதவத் தொறடி! புள்ளைங்க இருக்குதுங்கடி!"

ரூபி அக்கா. என் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. நகரவில்லை.

ஏன் நகரவில்லை என்று சொல்ல வேண்டும்.

மாமனார் தோப்பைப் பிரித்தபோது நடுவில் ஒரு பலா மரத்தை எல்லையாக வைத்தார். அந்தப் பக்கம் அவர்கள். இந்தப் பக்கம் நாங்கள். என் வீடு கான்கிரீட் தளம் போட்டது. சிங்கப்பூர் சம்பளத்தில் எழுந்தது. ரூபி அக்கா அதை நிமிர்ந்து பார்ப்பாள். "ஒனக்கு என்னாடி, மழ பேஞ்சா பாத்திரம் வெக்க வேணாம்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நான் அவள் கொடியைப் பார்ப்பேன். சின்னச் சின்ன கவுன்கள். பள்ளிக்கூடச் சட்டைகள். எனக்குப் பிள்ளை இல்லை. ஏழு வருஷமாகச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணாமலை நகரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்க. திரும்பி வரும்போதெல்லாம் அந்தக் கொடி முதலில் கண்ணில் படும். வயிறு எரியும். அவளுடைய கடைசிப் பெண் ஜெனி என் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு, "அம்மா கூப்புடுது" என்று இறங்கி ஓடுவாள். அந்த இறங்கலைத் தாங்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சபையில் ஒரே பாயில் உட்காருவோம். ஒரே பாட்டுப் பாடுவோம்.

அந்த வருஷம் ஆடி மாதம். பலா மரத்தடியில் உரம் போடக் கொத்தினேன். மண்வெட்டியில் டங் என்றது. வாய் கட்டிய சின்ன மண்கலயம். உடைந்தது. உள்ளே ஒரு முட்டை. ஊசிகள். கொஞ்சம் தலைமயிர். எல்லாவற்றையும் சுற்றி ஒரு நீலத் துணி. என் புடவையின் துணி. என் கொடியிலிருந்து காணாமல் போன புடவை. அந்தக் கொடி வரைக்கும் வெளியாள் வருவதில்லை. வருகிறவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து பயம் பிடித்தது. சோறு இறங்கவில்லை. தோப்புக்குள் கால் வைக்க முடியவில்லை. பட்டப்பகலில் யாரோ பின்னால் நிற்பது போல இருக்கும். திரும்பினால் ஒருவரும் இல்லை. தெருவில் சிலர் ஒரு மந்திரவாதியின் ஊரைச் சொன்னார்கள். "அவரு எடுத்துடுவாரு. வெச்சவங்களுக்கே திருப்பியும் உட்டுருவாரு."

திருப்பி விடுவது. அந்த வார்த்தை இனித்தது. அவள் கொடி காலியாகத் தொங்குவதை ஒரு நொடி பார்த்தேன்.

பாஸ்டரின் மனைவியிடம் போனேன். என் வயதுதான் அவளுக்கும். சொன்னேன். அவள் முகமும் வெளுத்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா திருப்பி உட்டீன்னா நீயும் அதே கடையில சாமான் வாங்குறவதான் எஸ்தரு" என்றாள். என்னோடு வந்தாள். மரத்தடியில் இருவரும் முழங்காலில் நின்றோம். சத்தமாக ஜெபித்தோம். கலயத்தையும் துணியையும் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தோம். முட்டை வெடித்தது. ஓடவில்லை. நின்றோம்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அந்த மரத்தைச் சுற்றி ஜெபித்துக்கொண்டே நடந்தேன். முதலில் மரத்தைப் பார்க்காமல் நடந்தேன். பிறகு பார்த்தேன். ஒரு நாள் அதன் மேல் சாய்ந்து நின்றேன். பயம் போய்விட்டது.

பொறாமை போகவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரூபி அக்கா புகையைப் பார்த்திருந்தாள். அடுத்த ஞாயிறு வேறு பாயில் உட்கார்ந்தாள்.

இப்போது அவள் கதவுக்கு வெளியே. கூடவே மாமாவின் குரல்: "உள்ள போங்க! நான் மாட்ட அவுத்துட்டு வந்துர்றேன்!"

என் கை தாழ்ப்பாளில். எனக்குள் ஒரு குரல். தொறக்காத. காத்து உள்ள பூந்துட்டா ஒன் வீடும் போயிடும். பிசாசு என்றால் வரும் நாற்றம் இல்லை, உறுமல் இல்லை. நியாயமாகப் பேசுகிறது. என் குரலிலேயே பேசுகிறது. அப்புறம் இன்னொன்று சொல்கிறது: அவளுக்கு மூணு இருக்கு. ஒனக்கு என்னா இருக்கு?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரத்தடியில் எரித்தது வெறும் முட்டை. எரியாதது இங்கே நிற்கிறது.

கத்தினேன். "போ! இயேசுவின் நாமத்துல போ!"

கத்திவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். கதவு என்னைச் சுவரோடு அறைந்தது. வாசலில் யாரும் இல்லை.

காற்று மற்ற வார்த்தைகளைத் தின்றுவிட்டது. "போ" மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். பலா மரத்தைப் பார்த்து. மாமா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த பக்கம்.

ஓடினேன். மழை ஊசியாகக் குத்தியது. "அக்கா! இங்க! இங்க வாக்கா!" கேட்கவில்லை. ஜெனியின் சட்டை கையில் சிக்கியது. இழுத்தேன். சங்கிலி போல எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். ஒரு ஷீட் துண்டு பறந்து வந்து ரூபி அக்காவின் இடது தோளைக் கிழித்தது. அவள் கத்தவில்லை. அதற்கு முன் பலா மரம் கத்தியது. நீளமாக, அடிவேரிலிருந்து. பிறகு தரை அதிர்ந்தது. மாமா அதன் அடியில் இருந்தார். மாடும்.

பிள்ளைகளை உள்ளே தள்ளினேன். அக்காவைத் தூக்கினேன். ஐந்து பேரும் சேர்ந்து கதவைச் சாத்தினோம்.

காற்று இறங்கும்வரை அவள் தோளைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"போன்னு சொன்னியே?"

"ஒன்ன சொல்லலக்கா."

"பின்ன யார?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, கவுன்கள், திருப்பி விடும் ஆசை, கதவுக்குள் கேட்ட குரல். அவள் கண் மூடாமல் கேட்டாள்.

கடலூர் ரோடு முழுக்க விழுந்த மரங்கள். ஊர்க்காரர்கள் வடலூர் பக்கம் வெட்டி வழி செய்து, டிராக்டரில் அவளைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் நான் கூட இருந்தேன். தையல் போட்ட மறுநாள், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அத நான்தான் வெச்சேன்."

"தெரியும்."

"ஒன் வூடு இடியணும்னு இல்ல. ஒனக்குப் புள்ள பொறக்கக் கூடாதுன்னு. பொறக்கலன்னா தோப்பு முழுசும் எம் புள்ளைங்களுக்கு வரும்ல."

நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அவள் மேல் கை வைக்கக்கூடத் தோன்றியது. ஆண்டவரே, என்னால் முடியாது என்றேன். அது மட்டும்தான் ஜெபம். பிறகு திரும்பிப் போய் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். மனம் குளிர்ந்ததால் இல்லை. அவளால் கை தூக்க முடியவில்லை.

சபையில் சிலர் பேசினார்கள். வெச்சவளுக்கே திரும்பிடுச்சு என்றார்கள். கர்த்தர் வழக்காடினார் என்றார்கள். நான் எழுந்து நின்றேன். "மாமா ஒன்னும் வெக்கல. மாடு ஒன்னும் வெக்கல. எம் பக்கத்து மரமும் ஒன்னு நிக்கல. இது தண்டனன்னா எனக்கு என்னாத்துக்கு வந்துது?" என்றேன். ரூபி அக்கா கட்டுப்போட்ட கையோடு எழுந்து வந்து என் பாயில் உட்கார்ந்தாள்.

இப்போது 2012. அவர்கள் வீடு இன்னும் எழவில்லை. எல்லோரும் என் வீட்டில் இருக்கிறார்கள். தாஸ் வந்து அண்ணனைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தோப்பில் புதுக் கன்று நட்டிருக்கிறோம். எல்லை போடவில்லை.

இழந்தவை இவை. சாமுவேல் மாமா. வயது நாற்பத்து மூன்று. சினைமாடு ஒன்று. வீடு ஒன்று. ரூபி அக்காவின் இடது கை; இருக்கிறது, தலைக்கு மேல் எழாது. முந்திரி, இரண்டு பக்கமும், முழுவதும். பலா ஒன்று.

பிள்ளைகள் மூவரும் உயிரோடு இருக்கிறார்கள். ஜெனி என் பக்கத்தில்தான் படுக்கிறாள். தூக்கத்தில் "அம்மா" என்கிறாள். என் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் எழுகிறது. அதைப் போ என்கிறேன். இப்போதெல்லாம் சத்தமில்லாமல் சொல்கிறேன். பிறகு கை நீட்டி ரூபி அக்காவை எழுப்புகிறேன்.