பிரேக்கில் கோளாறு இல்லை

— பிரேக் புடிக்கல மாப்ளே. எத்தன தடவ சொல்றது? புடிக்கலன்னா புடிக்கல.

— மாமா, போன மாசம்தான் புதுப் பேடு போட்டேன். நீங்களும் பக்கத்துலயே நின்னு நொட்டை சொல்லிட்டிருந்தீங்க.

— போட்டவன் ஒழுங்கா போடல. இல்லன்னா ஸ்கூல் கேட்டு தானா வந்து என் வண்டில மோதுச்சா?

— ஹெட்லைட்டப் பாத்தா நீங்கதான் தேடிப்போய் மோதுன மாதிரி இருக்கு.

— சிரிக்காத. பின் சீட்டுல புள்ளைங்க இருந்துச்சு. அந்தக் குட்டி வாயாடிக்கு நெத்தில எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிப்போச்சு. இந்த ஓட்ட டப்பாவ இன்னும் எதுக்கு ஓட்டுறீங்கன்னு அவ அம்மா சண்டைக்கு வந்துட்டா. எல்லாம் என் மச்சினன் பாத்த பிரேக்கோட லட்சணம்னு அவகிட்டயும் சொல்லிட்டேன், உங்கக்காகிட்டயும் சொல்லிட்டேன்.

— ஓ, அதான் அக்கா காலைல போன்ல என்னை வாங்கு வாங்குன்னு வாங்குனாளா!

— பின்ன? மாசாமாசம் வண்டிய உங்கிட்ட கொண்டாந்து காட்டுறேன். டயரத் தட்டுற, ஆயிலத் தொட்டு மோந்து பாக்குற, பெரிய டாக்டர் கணக்கா தலைய ஆட்டுற. கடைசில கேட்டுல போய்தான் நிக்குது.

— எங்கப்பா ஓட்டுன வண்டி மாமா, என்னைவிட மூத்தது. இதப் போய் ஏனோதானோன்னு பாப்பேனா? இந்தா பாருங்க, பிரேக் ஆயில் சொட்டு குறையல. பைப்புல கசிவு இல்ல. பேடு தேயவே இல்ல. ஸ்டியரிங்ல ஆட்டம் இல்ல.

— எல்லாம் நல்லா இருந்தா ஏன் நிக்கல?

— இப்பதானே அந்த இறக்கத்துல ஓட்டிட்டு வந்தேன்? தொட்டதும் நின்னுச்சு. பின்னாடி இருந்த ஸ்பானர் டப்பா முன்னாடி வந்து விழுந்துச்சு.

— உனக்கு நிக்கும், எனக்கு நிக்காது. வண்டிக்குக்கூட பொண்டாட்டி வீட்டு ஆளுங்க மேலதான் பாசம்.

— கோபப்படாதீங்க. டீ சொல்லவா?

— சொல்லு. சர்க்கரை போடாம சொல்லு. இல்லன்னா உங்கக்கா மோப்பம் புடிச்சுடுவா.

— சுகர் மாத்திரையாவது ஒழுங்கா போடுறீங்களா?

— ஞாபகம் வந்தா போடுவேன். நீ பேச்ச மாத்தாத. நாளைக்குக் காலைல புள்ளைங்கள ஏத்தணும். இன்னொரு தடவ எங்கயாவது முட்டுனேன், அவ்வளவுதான், ஒருத்தியும் புள்ளைய அனுப்ப மாட்டா. பொழப்பே போயிடும்.

— சரி, ஏறி உக்காருங்க. நான் பின்னாடி நின்னு லைட்டப் பாக்குறேன். பிரேக்க அமுக்குங்க.

— அமுக்கிட்டேன்.

— அமுக்குங்க மாமா.

— அமுக்கிட்டுதான்டா இருக்கேன்! முட்டியே கழண்டுடும் போல இருக்கு.

— சிவப்பு லைட்டு எரியல.

— பாத்தியா! இப்ப பல்பும் போச்சு. ரொம்ப நல்லா சர்வீஸ் பண்ற.

— நீங்க இறங்கி இங்க வாங்க. நான் போய்க் குனிஞ்சு கையால அமுக்குறேன்... ம், இப்ப? எரியுதா?

— எரியுது.

— ரெண்டுமா?

— ரெண்டும்தான். நல்லா பளிச்சுன்னு எரியுது.

— அப்ப நீங்க எதை அமுக்குனீங்க?

— பிரேக்கத்தான். பின்ன உன் தலையையா அமுக்குனேன்? வயர் எங்கயாவது லூசா இருக்கும், பாரு.

— மாமா, நீங்க நிக்கிற எடத்துல தரை எப்படி இருக்கு?

— என்னடா கேள்வி இது? தரை தரை மாதிரி இருக்கு.

— உச்சி வெயில்ல காஞ்ச சிமெண்டு. ஷூ போட்டுட்டு நின்ன எனக்கே சுட்டுச்சு.

— எனக்கு ஒண்ணும் சுடல.

— மாமா... உங்க வலது கால் செருப்பு இங்க பெடலுக்குக் கீழ கெடக்கு.

— வெளையாடாத மாப்ளே. ரெண்டையும் போட்டுட்டுதானே நிக்கிறேன்?