வலது கன்னம்

உடுமலைப்பேட்டை பஸ் திருப்பூரை விட்டு நகர்ந்ததும், என் முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்: "எனக்குக் குரங்குத் தாடைன்னு டாக்டர் சொல்லிட்டாரு கண்ணு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"என்னக்கா சொல்லுதிய?"

"வலது கன்னத்துல கட்டியாட்டம் இருந்துச்சு. ஸ்கேன் எடுத்தாங்க. கட்டியே இல்லையாமா, மெல்லுற சதைதான் பெருத்திருக்குதாமா. கெட்டிக் கொட்டையைக் கடிக்கிற குரங்குக்கு அந்தச் சதை பெருசா இருக்குமாமா, பழம் திங்கிறதுக்குச் சிறுசா இருக்குமாமா. இடது கடவாய்ப்பல் சொத்தைன்னு நான் ரெண்டு வருசமா வலது பக்கமே மென்னுட்டிருந்தனல்ல, அதுதான்."

"அப்போ புத்துநோய் இல்லியாக்கா?"

"இல்ல கண்ணு. பல்லைப் புடுங்கிட்டு ரெண்டு பக்கமும் மென்னாப் போதுமாமா. நாலு மாசமா ஊட்டுல கூடச் சொல்லாம முந்தானையில மறைச்சுட்டுத் திரிஞ்சேன். உனக்காச்சும் சொல்லியிருக்கோணும்."

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்க்கா. கேட்டா நெசமாயிருமோன்னு பயந்து, பார்க்காத மாதிரியே இருந்துட்டேன்" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கன்னத்தை முதல்முறையாகத் தொட்டுப் பார்த்தாள்.