கீழ்வீட்டுக்கும் சேர்த்து ஓர் ஆம்ப்ளிஃபயர்

ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது எல்லோரும் செய்கிற தப்பு, வாட்ஸை மட்டும் பார்ப்பது. சப்வூஃபருக்கு எத்தனை ஓம், அதை இது தாங்குமா, அறை எவ்வளவு பெரியது என்றெல்லாம் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன் சார். அவசரப்பட்டு எதையும் செய்கிற ஆள் இல்லை நான்.

மனைவி போன பிறகு என் வீட்டில் பேச்சுக் குரல் என்றால் டிவிதான். ஹோம் தியேட்டர் வாங்கியதே அதற்காகத்தான். ஒரு சாயங்காலம் சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு டிரைவர் ஏறி வந்து கதவைத் தட்டினார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

"என்ன சார், என் தலைமேல லாரி ஓட்டுறீங்களா?"

மூச்சு வாங்கியது அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு, "கொஞ்ச நேரம் உட்காருங்க" என்றேன். தண்ணீர் குடித்தார், இருமினார், பிரேக் பிடிக்காத பஸ் ஒன்றைப் பற்றிச் சொன்னார். நான் சிரித்தேன். என் வீட்டில் நான் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அப்புறம் அவர் வரவில்லை. சத்தம் பழகிவிட்டது போல. நீயே இறங்கிப் போயிருக்கலாமே என்பீர்கள். போனேன். கதவை அரைகுறையாகத் திறந்து, "என்ன வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாதவன் எவ்வளவு நேரம்தான் வாசலில் நிற்பது?

அதனால்தான் கடைக்குப் போனேன். "ஹால் என்ன சைஸ் சார்?" என்று கடைக்காரர் கேட்டார். என் ஹாலையும் அதற்கு நேர் கீழே இருக்கிற அவர் ஹாலையும் கூட்டிச் சொன்னேன். "அவ்ளோ பெருசா?" என்று பெரிய ஆம்ப்ளிஃபயராக எடுத்துத் தந்தார். அதிர்வு தரைக்கு இறங்காமலிருக்க சப்வூஃபருக்கு அடியில் வைக்க ரப்பர் கால்களும் கொடுத்தார். அவற்றை மேஜைக்குப் போட்டுக்கொண்டேன்.

டிரைவர் மறுபடி வரத் தொடங்கினார். ஒருநாள் அவர் மகள் வந்தாள்.

"அண்ணே, அப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆயிருக்கு, மாடி ஏறக் கூடாது. உங்க நம்பர் குடுங்க, சவுண்டு அதிகமா இருந்தா போன்ல சொல்லிடுவாரு."

நல்ல பெண். கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னேன். போன் என்றால் அரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

அவர் படியேறும் சத்தம் கேட்டதும் நாற்காலியைத் துடைத்து வைப்பேன். உடனே திறந்தால் திட்டிவிட்டுப் போய்விடுவார். கொஞ்சம் நிற்க வைத்தால் களைத்துப்போய் உட்காருவார். இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாட்கள் ஆயின.

அன்றைக்கும் தட்டினார். கதவை ஒட்டித்தான் நின்றிருந்தேன். "சார், முடியல சார், திறங்க" என்றார். இன்னும் கொஞ்சம் களைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தட்டுவது நின்றது. தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் திறந்தேன்.

கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம். ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தேதான் ஏற வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்கும் என்னைப் பிடித்துத்தான் இருந்தது. இல்லாவிட்டால் அந்த உடம்போடு அத்தனை படி ஏறி வருவாரா?

எழுதி முடித்தாயிற்றா? வேறு வேலை இல்லையென்றால் கொஞ்ச நேரம் உட்காருங்க சார்.